தோப்பு வீட்டுக்குக் கூஸ் வாத்து: எந்த ரகம், எத்தனை, பாம்புக்கு உதவுமா?

#1 உடுமலைத்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டைச் சுற்றி 60 சென்ட், கம்பிவேலி போட்டது. மரங்களுக்கு நடுவே அருகம்புல்லும் கலப்புப் புல்லும் நன்றாக வருகிறது. கிணற்றுத் தண்ணீருக்குக் குறைவில்லை.

போன மாதம் மோட்டார் ரூம் ஓரத்தில் கண்ணாடி விரியன் ஒன்றைப் பார்த்தோம். அன்றிலிருந்து வீட்டம்மாவுக்கு நிம்மதி இல்லை. "ரெண்டு காவல் வாத்து வாங்கி விடுங்க, பாம்பு எட்டியே பாக்காது" என்று காய் போட வருகிறவர் முதல் சம்பந்தி வரை எல்லோரும் ஒரே பாட்டு.

சந்தையில் விசாரித்தால் குழப்பம்தான் மிச்சம். வெள்ளை இருக்கிறது, பழுப்பு இருக்கிறது. சிலவற்றுக்கு நெற்றியில் புடைப்பு, சிலவற்றுக்கு இல்லை. ஒருவர் "இது அசல் எம்டன்" என்று சொல்லி ஜோடி 6,000 கேட்கிறார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் கிட்டத்தட்ட அதே வாத்தை 2,500க்குத் தருகிறார்.

எந்த ரகம் வாங்கலாம்? குஞ்சா, வளர்ந்ததா? குளம் வெட்ட வேண்டுமா? அப்புறம் பாம்பு விஷயம் உண்மைதானா? வீட்டில் ஆறு வயதுப் பையன், ஒரு நாட்டு நாய், பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி இருக்கிறார்கள்.

#2 கீரிப்பிள்ளை

பாம்பு வருமா வராதா தெரியாது. உங்களுக்குத் தூக்கம் வராது, அது நிச்சயம்.

#3 செய்யாறு_ராணி

தம்பி, அந்த எம்டன்காரரை முதலில் விட்டுவிடுங்கள். அசல் எம்டன் ஆண் பத்துப் பன்னிரண்டு கிலோ நிற்கும். நெற்றி வழவழவென்று இருக்கும், கண் நீலம். ஜெர்மனியில் எம்டன் என்ற துறைமுக ஊரின் பெயர் அதற்கு. 1914இல் நம் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட கப்பலுக்கும் அதே ஊர்ப் பெயர்தான். நம் சந்தையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் கலப்பு. கலப்பு என்பதால் வாத்து மட்டமாகிவிடாது, ஆனால் அதற்கு எம்டன் விலை எதற்கு?

நெற்றியில் புடைப்பு இருப்பது சீன ரகம். வெள்ளையில் அலகும் புடைப்பும் ஆரஞ்சு நிறம். பழுப்பில் இரண்டுமே கறுப்பு, பின்கழுத்து முழுக்க ஒரு கரும்பட்டை ஓடும். ஆண் ஐந்து கிலோ, பெட்டை நாலு நாலரை. உடம்பு லேசு என்பதால் நாள் முழுக்க நடந்து மேயும். முட்டையும் பெரிய ரகங்களைவிடக் கூடுதல். சத்தத்தில் இதை மிஞ்ச ஆள் கிடையாது. தோப்பு வீட்டுக்கு இதுதான் சரி.

வெள்ளையா பழுப்பா என்பது உங்கள் விருப்பம், குணத்தில் வித்தியாசம் இல்லை. வெள்ளை என்றால் அந்தி மங்கலில் எண்ணிக்கை எடுக்கச் சுலபம், காயம் பட்டாலும் உடனே தெரியும். பழுப்பு அடையில் உட்கார்ந்தால் சருகுக்குள் கண்ணுக்கே தெரியாது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன.

ஜோடியாக வாங்காதீர்கள். ஒரு ஆண், இரண்டு அல்லது மூன்று பெட்டை. ஜோடியில் ஒன்றை நாய் பிடித்துவிட்டால் மிச்சம் இருப்பது சாப்பிடாமல் கத்திக்கொண்டே திரியும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இரண்டு ஆண் வைத்தாலோ முட்டை சீசனில் தினமும் பஞ்சாயத்து.

இந்த ஆண் பெட்டை விஷயத்தில்தான் சந்தையில் ஏமாற்று நடக்கிறது. வளர்ந்த சீன வாத்தில் ஆணுக்குப் புடைப்பு பெரிதாக, முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், கழுத்து நீளம். குரலைக் கேளுங்கள்: ஆணுக்குக் கீச்சென்று உயர்ந்த குரல், பெட்டைக்குக் கொஞ்சம் கட்டையான குரல். முட்டையிட்ட பெட்டைக்கு அடிவயிறு கால்களுக்கு நடுவே தொங்கும். ஆனால் ஆறு மாதத்துக்குள் இருப்பதில் இந்த அடையாளம் எதையும் நம்ப முடியாது. பின்துவாரத்தை விரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

#4 பொன்னேரி_பாலா

பாம்பு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். எங்கள் வீட்டில் வாத்து வந்ததிலிருந்து ஒரு பாம்பு கூட இல்லை. எச்சத்தின் வாடைக்கே வராது. வாத்து பாம்பைக் கொத்திக் கொன்றும்விடும்.

#5 நெல்லைப்பறவை

பாலா, எச்சத்துக்குப் பாம்பு வராது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கூஸ் வாத்து புல் தின்னி. பாம்பைத் தேடிப் போய்த் தின்கிற பறவை இல்லை. பகலில் கண்ணில் பட்டால் கழுத்தை நீட்டிக் கத்தும், கூட்டமாகச் சேர்ந்து சீறும். சின்னப் பாம்பாக இருந்தால் மிதிபடலாம். அந்தக் கூச்சலில் நாம் எட்டிப் பார்ப்போம், அதுதான் லாபம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் ஊரில் ஆட்களை அதிகம் கடிக்கும் நாலு வகையில் கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது. கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் கிளம்பும். அந்த நேரத்தில் உங்கள் வாத்து எங்கே இருக்கும்? நாய்க்கும் நரிக்கும் பயந்து நீங்களே கொட்டகையில் அடைத்து வைத்திருப்பீர்கள்.

தலைகீழாகவும் நடக்கும். மிச்சத் தீவனம் ராத்திரி தட்டிலேயே கிடந்தால் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும். முட்டைக்கும் சின்னக் குஞ்சுக்கும் நாகமே நேராக வந்துவிடும். பாம்புக்குப் பயந்தால் முதல் வேலை மட்டைக் குவியலையும் தேங்காய்த் தொட்டிக் குவியலையும் வீட்டை ஒட்டி வைக்காமல் இருப்பது, வாசலில் விளக்கு, கையில் டார்ச், கொசுவலையை ஓரம் செருகிக் கட்டிலில் படுப்பது. கடித்துவிட்டால் 108, நேராக அரசு மருத்துவமனை. வாத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

#6 பொன்னேரி_பாலா

> வாத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை

உங்கள் புத்தகக் கணக்கு எனக்கு வேண்டாம் சார். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

#7 ஆழியாறு_பெரியவர்

பாலா தம்பி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வாத்து மேய்ந்த இடத்தில் புல் மொட்டையாக இருக்கும், புதர் நிற்காது. பாம்பு பதுங்க இடம் குறையும். அந்த வேலையை மாதம் ஒருமுறை அரிவாளும் செய்யும். ஆகவே இரண்டு பேரும் சண்டையை விடுங்கள்.

உடுமலைத்தம்பி, இதைக் கோழிக் கணக்கில் போடாதீர்கள், ஆட்டுக் கணக்கில் போடுங்கள். எத்தனை வாத்து என்பதை உங்கள் புல்தான் சொல்லும். நல்ல பசும்புல் உள்ள ஏக்கருக்கு இருபது வரை விடலாம் என்பார்கள். அது வருஷம் முழுக்க ஈரம் இருக்கும் நிலத்துக்கு. நம் பக்கம் சித்திரை வைகாசியை நினைத்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 60 சென்டுக்கு நாலைந்து தாராளம், குஞ்சு பொரித்தாலும் இடம் இருக்கும்.

புல் விரற்கடை அளவில் இளசாக இருக்க வேண்டும். மாட்டுக்கு இருப்பதுபோல் அசைபோடும் வயிறு இதற்குக் கிடையாது. தின்ற புல் ஓரிரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால்தான் நாள் முழுக்கத் தின்றுகொண்டும் கழித்துக்கொண்டும் இருக்கிறது. முற்றிய கோரையையும் முழங்கால் உயரப் புல்லையும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். எங்கள் தோப்பில் மூன்று பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறேன். ஒன்றை மேய விட்டால் மற்ற இரண்டும் துளிர்க்கும். அருகம்புல்தான் அவற்றுக்கு உயிர். குதிரைமசால், வேலிமசால் வெட்டிப் போட்டாலும் மிச்சம் வைக்காது. கீரைப் பாத்தியை மறந்து திறந்துவிட்டீர்கள் என்றால் சாயங்காலம் மண்தான் இருக்கும்.

புல் இருந்தால் சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை கம்பு அல்லது கருக்காய் நெல் போதும். அதுகூடக் கொட்டகைக்குள் வரவழைக்கத்தான். முட்டை சீசனில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், கிளிஞ்சல் தூள் வையுங்கள். பழைய சோற்றைக் குண்டா குண்டாகக் கொட்டாதீர்கள், கொழுத்துப்போய் முட்டை நின்றுவிடும்.

கவனமாக இருக்க வேண்டியவை: இளம் வாழைக்கன்று, புதிதாக நட்ட மரக்கன்று. பட்டையை உரித்துவிடும், கம்பிவலை சுற்றுங்கள். சொட்டுநீர்க் குழாயில் வெளியே தெரியும் மைக்ரோ டியூப் எல்லாவற்றையும் பிடுங்கும், எதற்கு என்று அதற்கே தெரியாது. வேலியோரம் அரளி இருந்தால் வெட்டி எறியுங்கள், கடும் விஷம். தென்னைக்கு மருந்து வைத்தாலும் களைக்கொல்லி அடித்தாலும் அந்தப் பக்கம் விடாதீர்கள். யூரியா மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டுப் போகவே கூடாது.

#8 உடுமலைத்தோப்பு

ஐயா, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. மைக்ரோ டியூபைப் படித்ததும் கொஞ்சம் கலங்கிவிட்டேன். போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குளம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

#9 ஆழியாறு_பெரியவர்

குளம் அவசியம் இல்லை. ஆனால் தலையைக் கண் முழுகும் அளவுக்கு முக்கி எடுக்கத் தண்ணீர் வேண்டும். அலகில் மண்ணும் தவிடும் ஒட்டி மூக்குத்துவாரம் அடைத்துக்கொள்ளும். முக்கிக் கழுவாவிட்டால் கண்ணில் பீளை கட்டும். குடிக்க மட்டும் ஒரு தட்டு வைத்தால் போதாது, பாதியாக அறுத்த டிரம் வையுங்கள்.

சீன ரகம் தரையிலேயே சேரும். என்றாலும் இடுப்பளவு அகலத்தில் ஒரு சிமென்ட் தொட்டி தரைமட்டத்தில் கட்டினால் முட்டையில் கரு நன்றாகப் பிடிக்கும், கோடையில் உடம்பும் ஆறும். தொட்டியின் அடியில் ஒரு திறப்பு வைத்து அந்தத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு நாளில் பச்சையாகிவிடும் தண்ணீர் அது, மரத்துக்கு நல்ல சத்து. தேங்கி நாற விட்டால் நோய்.

#10 அம்பத்தூர்_மாடி

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது மூன்று சென்ட் வீடு, பின்னால் பத்துக்குப் பதினைந்து அடி சிமென்ட் தரை. திருட்டுப் பயம் இருக்கிறது. ஒரே ஒரு வாத்து மட்டும் வைத்துக்கொண்டால்?

#11 செய்யாறு_ராணி

வேண்டாம்மா. தனி வாத்து உங்களையே தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். கதவைச் சாத்தினால் கத்தும். அக்கம்பக்கத்தில் யாராவது குக்கரில் விசில் விட்டால்கூடக் கத்தும். சிமென்ட் தரையில் நின்று நின்று உள்ளங்காலில் புண் வைத்துக் கட்டி கட்டும். ஒரு வாத்து ஒரு நாளில் போடும் எச்சத்தைப் பார்த்தால் இந்த ஆசையே போய்விடும்.

#12 கீரிப்பிள்ளை

எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார். பௌர்ணமி ராத்திரி முழுக்க ஊளை. எதிர்வீட்டுக்காரர் போலீஸில் எழுதிக் கொடுத்தார். கடைசியில் வாத்தும் போனது, இருபது வருஷப் பேச்சுவார்த்தையும் போனது. சிசிடிவி போடுங்கள் சகோ.

#13 நெல்லைப்பறவை

காவலுக்கு என்று கேட்டால் நிஜமாகவே நல்ல பறவைதான், இடம் இருக்கிறவர்களுக்கு. ஸ்காட்லாந்தில் டம்பார்டன் என்ற ஊரில் பாலன்டைன்ஸ் விஸ்கிக் கிடங்குகளுக்கு 1959இலிருந்து 2012 வரை வாத்துக் கூட்டம்தான் காவல். கிடங்கைச் சுற்றிப் பெரிய புல்வெளி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#14 களக்காடு_இளைஞன்

கூந்தன்குளத்துக்கு மார்கழியில் கூட்டமாக வருமே, தலையில் கறுப்புப் பட்டை போட்ட வாத்து. அதுவும் இதே இனம்தானே? அந்தப் பக்கம் குஞ்சு கிடைக்குமா?

#15 நெல்லைப்பறவை

தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். அது வரித்தலை வாத்து, காட்டுப் பறவை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி இங்கே குளிர்காலம் கழிக்க வருவது. இங்கே அது கூடு கட்டுவதில்லை, குஞ்சுக்கு வழியே இல்லை. பிடிப்பது, வைத்திருப்பது இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டு வாத்துகளுக்கு மூதாதை வேறு. எம்டன், துலூஸ் போன்ற ஐரோப்பிய ரகங்கள் சாம்பல் காட்டு வாத்திலிருந்து வந்தவை. புடைப்பு வைத்த சீன ரகமும், தாடை தொங்கும் ஆப்பிரிக்கன் ரகமும் கிழக்காசியாவின் அன்ன வாத்திலிருந்து வந்தவை. ஆப்பிரிக்கன் என்பது பெயரில் மட்டும்தான். இந்திய ரகம் என்று முறையாகப் பதிவு பெற்றதில் காஷ்மீரின் 'அன்ஸ்' இருக்கிறது, அதை இங்கே கொண்டுவந்து வெயிலில் வாட்ட வேண்டாம்.

#16 மட்டுறுத்துநர்

இந்த இடத்தில் இருந்த ஒரு விற்பனைப் பதிவு தொலைபேசி எண்ணோடு நீக்கப்பட்டது. விற்க, வாங்க தனிப் பகுதி இருக்கிறது.

#17 தஞ்சை_கால்நடை

அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். குஞ்சா வளர்ந்ததா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை வளர்ப்பவருக்கு நான் சொல்வது: ஒரு வயது தாண்டிய, முட்டையிட்டுப் பழகிய பறவை. விலை கூடுதல்தான். ஆனால் ஆண் பெட்டை சந்தேகம் இல்லை, முதல் மாதச் சாவு இல்லை. இரண்டாம் வருஷ முட்டைதான் நன்றாகப் பொரிக்கும், அதுவும் சேர்ந்து கிடைக்கிறது. நல்லபடி வைத்தால் பதினைந்து இருபது வருஷம் வாழும் பறவை, ஒரு வருஷம் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குஞ்சுதான் வேண்டும் என்றால், பிறகு சிரமப்படாமல் இருக்கச் சில விஷயங்கள்.

என்னிடம் தூக்கி வரும் கூஸ் குஞ்சுகளில் அதிகம் பார்ப்பது கால் விழுந்தவை. மூன்று வாரக் குஞ்சு, ஆள் கொழுகொழுவென்று இருக்கும், கண் பளிச்சென்று இருக்கும். கீழே விட்டால் கணுக்கால் மூட்டை ஊன்றித் தவழும். "வாதம் வந்துடுச்சு டாக்டர்" என்பார்கள். வாதமும் இல்லை, வெள்ளைக்கழிச்சலும் இல்லை. நியாசின் என்ற பி வைட்டமின் பற்றாக்குறை. கோழிக்குஞ்சுக்குப் போதுமான அளவு வாத்துக் குஞ்சுக்குப் போதாது, ஏறக்குறைய இரட்டிப்பு வேண்டும். கோழி ஸ்டார்டரை (கோழிக்குஞ்சுக்கான ஆரம்பத் தீவனம்) மட்டும் போட்டு வளர்த்தால் இதுதான் நடக்கும். ஆரம்பத்திலேயே ஈஸ்ட் தூள் கலந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை. கால் தளர ஆரம்பித்ததும் கொண்டுவந்தால் காப்பாற்றிவிடலாம், மூட்டு கோணிய பிறகு கொண்டுவந்தால் கஷ்டம்.

கோழி ஸ்டார்டரில் ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்தவை உண்டு. அவற்றில் சில வாத்துக்கு ஆகாது. மூட்டையில் மருந்து கலக்காதது என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் மூன்று வாரம் புரதம் 20 சதவீதம் இருக்கலாம். அதற்குப் பிறகு 15, 16க்கு இறக்கிவிட்டுப் புல்லுக்குப் பழக்குங்கள். "சீக்கிரம் பெருக்கட்டும்" என்று ஸ்டார்டரையே தொடர்ந்து போட்டால், இறகுக் குருத்தில் ரத்தம் ஏறிக் கனக்கும்போது மணிக்கட்டு தாங்காமல் சிறகு நுனி வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தொங்க ஆரம்பித்த முதல் சில நாளில் சிறகை மடித்து டேப் சுற்றி வைத்தால் நேராகிவிடும். விட்டுவிட்டால் ஆயுசுக்கும் அப்படித்தான்.

முதல் வாரம் குண்டு பல்புக்குக் கீழே 32 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். நம் ஊர் வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது. குஞ்சுகள் மூலையில் ஒண்டிக் கிடந்தால் குளிர், வாயைத் திறந்து விலகி உட்கார்ந்தால் சூடு. மிஷினில் பொரித்த குஞ்சைத் தண்ணீரில் நீந்தவிட்டு வீடியோ எடுக்காதீர்கள். தாயோடு திரியும் குஞ்சுக்கு அதன் இறகிலிருந்து எண்ணெய்ப் பூச்சு ஒட்டும், இதற்கு அது கிடையாது. நனைந்து விறைத்துச் செத்துப்போகும்.

பூஞ்சை பிடித்த தீவனம் மட்டும் வேண்டவே வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் திடீரென்று செத்தன. காரணம் கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சு, அப்ளாடாக்சின் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். வாத்து இனம் முழுவதும் அந்த நச்சுக்கு ரொம்ப மென்மையானது. மழை நனைந்த மக்காச்சோளம், சிக்கு வாடை அடிக்கும் புண்ணாக்கு எல்லாம் குப்பைக்குப் போகட்டும். "வாத்துதானே, தின்னும்" என்பார்கள். தின்னும், அப்புறம் கல்லீரல் போய்விடும்.

நோய்களில் வாத்து பிளேக் கூஸுக்கும் வரும். பக்கத்து மருந்தகத்தில் தடுப்பூசி இருப்பைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எட்டு வார வயதில் போடுவது வழக்கம். மேய்ச்சல் வாத்துக் கூட்டம் உங்கள் வாய்க்காலில் இறங்கியிருந்தால் சில நாள் உங்களுடையதை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள். 2014இல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக்காய்ச்சல் வந்தபோது உடுமலை, பொள்ளாச்சி எல்லைச் சாவடிகளில் நடந்த சோதனையை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பறவைகள் கொத்தாகச் செத்தால் புதைத்துவிட்டு இருந்துவிடாமல் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

#18 உடுமலைத்தோப்பு

டாக்டர் சார், ரொம்ப நன்றி. வளர்ந்த வாத்துதான் என்று முடிவாகிவிட்டது.

பையனை நினைத்துத்தான் யோசனை. சீண்டாமலே துரத்தும் என்கிறார்களே?

#19 செய்யாறு_ராணி

முட்டை சீசனில் ஆண் துரத்தும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நம் பக்கம் ஐப்பசி மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பிக்கும்போது தொடங்கி மாசி வரை அதன் குணமே வேறு. மற்ற மாதங்களில் வெறும் சத்தம்தான்.

வருவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் வரும். கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, வாயைத் திறந்து சீறும். அப்போது திரும்பி ஓடினால் பின்தொடையைக் கவ்வித் திருகும், சிறகு எலும்பால் அடிக்கும். அது சின்ன அடி இல்லை, கன்றிப்போகும். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், இரண்டு கையையும் அகல விரித்துக் கண்ணைப் பார்த்தபடி ஓரடி முன்னால் வைக்க வேண்டும். பெரும்பாலும் பின்வாங்கிவிடும். கம்பால் அடிக்காதீர்கள், வஞ்சம் வைத்துக்கொள்ளும்.

ஆறு வயதுப் பையனின் முகம் அதன் அலகுக்குச் சரியான உயரத்தில் இருக்கும். ஆகவே அந்த நாலு மாதம் பையன் விளையாடும் முற்றத்துக்கும் வாத்துக்கும் நடுவே வேலி வேண்டும், அவ்வளவுதான். மூன்றடி உயரம் போதும், சீன ரகம் அதைத் தாண்டாது. எங்கள் பேத்தி மற்ற மாதங்களில் கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவேதான் உட்கார்ந்திருப்பாள்.

தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காலைப் பிடித்துத் தூக்கினால் இடுப்பு நழுவும், கால் ஒடியும். ஒரு கையால் கழுத்தின் அடிப்பக்கத்தை மெதுவாகப் பிடித்து, மறு கையைச் சிறகோடு சேர்த்து அணைத்துத் தூக்கி, தலை உங்களுக்குப் பின்பக்கம் பார்த்திருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். எச்சம் உங்கள் முன்பக்கம் விழும், முகம் தப்பிக்கும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

#20 பொன்னேரி_பாலா

அக்கா, அடை வைப்பதைப் பற்றியும் எழுதுங்களேன். என்னுடையது வருஷா வருஷம் உட்காருகிறது, ஒன்றோ இரண்டோதான் பொரிக்கிறது. மற்றதெல்லாம் கூமுட்டை.

#21 செய்யாறு_ராணி

முதலில் கரு இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்தால் நரம்பு பரவியது தெரியும். எல்லாமே தெளிவாகத் தெரிந்தால் ஆணில் குறை, அல்லது நீங்கள் வைத்திருப்பது ஆணே இல்லை.

கரு இருந்தும் பொரிக்கவில்லை என்றால் சேர்த்து வைத்த விதத்தில் இருக்கும். முட்டையை வெயில் படாத குளிர்ந்த இடத்தில், மணல் பானையில் வைத்து தினமும் திருப்புங்கள், பத்து நாளுக்கு மேல் பழசாக்காதீர்கள். ஒரு பெட்டைக்கு எட்டு முதல் பத்து முட்டை போதும். இரண்டு பெட்டை ஒரே கூட்டில் போட்டிபோட்டு இட்டால் ஒன்றும் தேறாது, தனித்தனி மூலை கொடுங்கள். முப்பது நாள் கணக்கு, ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகும்.

எனக்கு நன்றாக வந்தது மணிலா வாத்தின் (மஸ்கோவி என்ற வேறு இன வாத்து) அடியில் வைப்பது. அதற்குத் தன் முட்டைக்கே முப்பத்தைந்து நாள் உட்காரும் பொறுமை இருக்கிறது. நாட்டுக்கோழி என்றால் நாலு முட்டைக்கு மேல் மூடாது, ஒவ்வொன்றும் 140 கிராம் இருக்கும், கோழியால் உருட்டவும் முடியாது. காலை மாலை நீங்கள்தான் திருப்ப வேண்டும். அப்புறம் முக்கியமானது: கூஸ் தண்ணீரில் முங்கிவிட்டு ஈர வயிற்றோடு வந்து உட்காரும், கோழி அப்படி வராது. முதல் வாரம் போனதும் தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துவிடுங்கள். தெளிக்காவிட்டால் உள்தோல் காய்ந்து குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிச் செத்திருக்கும். உங்கள் கூமுட்டையில் ஒன்றை உடைத்துப் பாருங்கள், அனேகமாக இதுதான்.

#22 பொன்னேரி_பாலா

உடைத்துப் பார்த்தேன் அக்கா. நாற்றத்தில் வீட்டில் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நீங்கள் சொன்னதுதான், முழுக் குஞ்சு, அலகு வரை வளர்ந்து ஒட்டிக் கிடந்தது.

(பாம்பு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.)

#23 தஞ்சை_கால்நடை

ராணி அம்மா சொன்னதோடு ஒன்று: குஞ்சு பொரித்தவுடன் தாயோடு அடைத்து வையுங்கள். காகமும் பருந்தும் முதல் இரண்டு வாரத்தில்தான் தூக்கும். கீரி பகலிலேயே வரும்.

#24 உடுமலைத்தோப்பு

வீட்டில் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். "பாம்புக்கு உதவாதுன்னா எதுக்கு?" என்றார். புல் வெட்டும் ஆள் கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், முட்டையைச் சொன்னேன், கேட்டில் ஆள் வந்தால் தெரியும் என்றேன். சரி என்றுவிட்டார். மட்டைக் குவியலை நேற்றே வேலிக்கு அப்பால் தள்ளியாயிற்று, வாசலில் இரண்டு விளக்கும் போட்டாயிற்று.

சீன வெள்ளை, ஒரு ஆண் மூன்று பெட்டை, தாராபுரம் பக்கம் ஒரு தோப்பில் பேசி வைத்திருக்கிறேன். இரண்டு சீசன் முட்டையிட்டவை. நாலுக்கு எவ்வளவு பெரிய கொட்டகை? நாயையும் கோழியையும் எப்படிப் பழக்குவது?

#25 ஆழியாறு_பெரியவர்

ஆளுக்குப் பத்துச் சதுரடி என்று எட்டுக்கு ஐந்து கொட்டகை போதும். கிளையில் ஏறும் பறவை இல்லை, உயரம் நீங்கள் குனிந்து கூட்டும் அளவுக்கு இருந்தால் சரி. தரை மண்ணாக இருக்கட்டும், மேலே உமியோ வைக்கோலோ போட்டு ஈரமானால் மாற்றுங்கள். சுற்றிலும் கோழிவலை போடாதீர்கள், நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும். வெல்டுமெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) போட்டு அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். கொட்டகைக்கு மேற்கு வெயில் படக்கூடாது.

கோழியோடு பகலில் சேர்ந்து மேயும், ராத்திரி ஒன்றாக அடைக்க வேண்டாம். வாத்து தண்ணீரை இறைத்துத் தரையைச் சேறாக்கும், கோழிக்குச் சளி பிடிக்கும்.

நாயை முதல் வாரம் வேலிக்கு இந்தப் பக்கம் கட்டிப் பார்க்க மட்டும் விடுங்கள். ஆண் வாத்து ஒருமுறை மூக்கில் கவ்விவிட்டால் அதற்குப் பிறகு நாயே சுற்றிப் போகும். பயப்பட வேண்டியது வெளியிலிருந்து கூட்டமாக வரும் தெரு நாய்களுக்குத்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள், மேலே வலை போட்ட கூடையில் இரண்டிரண்டாக வையுங்கள். வந்து இறங்கியதும் திறந்துவிடாமல் பத்து நாள் கொட்டகையிலும் அதை ஒட்டிய சின்னப் பட்டியிலுமே வைத்திருங்கள். உங்கள் கையால் கம்பு போடுங்கள். அதற்குப் பிறகு விட்டால் சாயங்காலம் தானாகவே வந்து கதவில் நிற்கும்.

#26 கீரிப்பிள்ளை

மைக்ரோ டியூபை மண்ணுக்குள் புதைத்துவிட்டு வாத்தை இறக்குங்கள். பிறகு புதைக்கலாம் என்று இருக்காதீர்கள்.

#27 உடுமலைத்தோப்பு

ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது. முதலில் டியூப், அப்புறம் கொட்டகை, அடுத்த வாரம் வாத்து.